வீட்டு இன்ஷூரன்ஸ்: எதற்குப் பணம் வரும், எதற்கு வராது?

2020 மே 20 அன்று ‘அம்பான்’ புயல் கல்கத்தாவைத் தாக்கியபோது டாக்குரியா ஏரியைச் சுற்றி ஏராளமான மரங்கள் வேரோடு சாய்ந்தன. ஒரு மரம் வீட்டின் மேல் விழுந்து சுவர் இடிந்தால் செலவு யாருடையது? பாலிசி இருந்தால் கம்பெனியுடையது, இல்லாவிட்டால் வீட்டுக்காரருடையது. வாழ்நாள் சேமிப்பைப் போட்டும் பாங்கில் கடன் வாங்கியும் டாக்குரியா, கஸ்பா பக்கம் ஃபிளாட் வாங்கியுள்ள தமிழர்கள் இதைத் தெரிந்துகொள்வது அவசியம்.

2021 ஏப்ரல் 1 முதல் ‘பாரத் கிருஹ ரக்ஷா’ என்ற ஒரே மாதிரியான பாலிசி நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்தது. நிபந்தனைகளை வகுத்தது இன்ஷூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம். எனவே எந்தக் கம்பெனியில் எடுத்தாலும் அடிப்படைப் பாதுகாப்பு ஒன்றே.

எவை அடங்கும்?

தீ, வெடிப்பு, இடி, மின்னல், பூகம்பம், புயல், வெள்ளம், நிலச்சரிவு, கலவரம், பயங்கரவாதம் ஆகியவற்றால் வரும் சேதம் அடங்கும். வாகனம் மோதுவது, மரம் விழுவது, தண்ணீர்த் தொட்டியோ குழாயோ வெடித்துப் பெருக்கெடுப்பது ஆகியவையும் அடங்கும். வீடு குடியிருக்க லாயக்கில்லாமல் போனால், வேறிடத்தில் தங்கும் வாடகையும் கிடைக்க வழியுண்டு.

எவை அடங்கா?

நாள்பட்ட தேய்மானம், ஆண்டுக்கணக்காகச் சுவரில் ஊறும் ஈரம், புதுக் கட்டடத்தில் இயல்பாக விழும் விரிசல், மட்டமான கட்டுமானம் இவற்றுக்குப் பணம் வராது. சாதாரணத் திருட்டும் சேராது. புயல், தீ போன்ற விபத்தையொட்டி ஏழு நாட்களுக்குள் நடந்த திருட்டுக்கு மட்டுமே ஈடு உண்டு. மற்றத் திருட்டுக்குத் தனி பாலிசி தேவை.

பூமியைத் தோண்டுவதால் நிலம் உள்வாங்கி வரும் சேதமும் விலக்கப்பட்டதே. 2019 ஆகஸ்ட் கடைசியில் பவ்பஜாரில் மெட்ரோ சுரங்கம் தோண்டியபோது நிலத்தடி நீர் பீறிட்டு வீடுகள் இடிந்தது நினைவிருக்கும். அங்கே மெட்ரோ நிர்வாகம் குடும்பத்துக்கு 5 லட்சம் ரூபாய் அளித்தது. பக்கத்து மனையில் அஸ்திவாரம் தோண்டினாலும் இதே விதிதான். நஷ்டத்தைத் தோண்டியவரிடமே கேட்க வேண்டியிருக்கும்.

எவ்வளவுக்கு எடுப்பது?

ஃபிளாட்டின் விலைக்கு எடுக்க வேண்டியதில்லை. நிலம் எரிந்து போவதில்லை. திரும்பக் கட்ட ஆகும் செலவுதான் கணக்கு. உதாரணமாக, 600 சதுர அடிக்கு, அடிக்கு 2,000 ரூபாய் செலவென்றால் 12 லட்சம் போதும். பாலிசியில் கட்டடத் தொகையில் 20 சதவீதம் வரை, அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய்க்கு, வீட்டுச் சாமான்களும் தாமாகவே சேரும். இந்த உதாரணத்தில் அது 2 லட்சத்து 40 ஆயிரம். நகைக்குத் தனியே சேர்த்துக்கொள்ள வேண்டும்.

வாடகை வீட்டில் இருப்பவர்கள் கட்டடத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். அது வீட்டுக்காரர் பொறுப்பு. சாமான்களுக்கு மட்டும் பாலிசி எடுக்கலாம். மழை நாட்களில் தெருத் தண்ணீர் உள்ளே புகும் கீழ்த்தளத்தில் குடியிருப்போருக்கு இது மிகவும் உதவும்.

இன்னொரு எச்சரிக்கை: கடன் கொடுக்கும்போது பாங்கில் சேர்த்துவிடும் பாலிசி பல சமயம் கடன்காரரின் உயிருக்கானது. அவர் இறந்தால் கடன் அடையும். வீடு எரிந்தால் ஒன்றும் கிடைக்காது. காகிதத்தில் ‘கட்டடம்’ என்று இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

சேதம் நேர்ந்தால்

உடனே கம்பெனிக்குத் தகவல் தர வேண்டும். சேதமான பொருட்களைத் தூக்கி எறிவதற்கு முன் படம் எடுத்து, சர்வேயர் வரும்வரை வைத்திருப்பது நல்லது. தீயானால் தீயணைப்புத் துறையின் அறிக்கை உதவும்.

கம்பெனி மறுத்தால் முதலில் அதற்கே எழுத்தில் புகார் தர வேண்டும். ஒரு மாதத்தில் பதில் இல்லாவிட்டாலும், பதில் திருப்தியில்லை என்றாலும், ஓராண்டுக்குள் கல்கத்தாவிலுள்ள இன்ஷூரன்ஸ் குறைதீர்ப்பாளரிடம் முறையிடலாம். கட்டணமோ வக்கீலோ தேவையில்லை.

பிரீமியம் சிறிய தொகைதான். ஊரைவிட்டு வந்து, சிறுகச் சிறுகச் சேர்த்து வாங்கிய வீட்டுக்கு அது பெரிய செலவாகாது. ஆனால் கையெழுத்திடுமுன் விலக்குகள் எழுதியுள்ள பக்கத்தைத்தான் முதலில் படிக்க வேண்டும்.