குழந்தையும் நாயும் தாயின் கேமராவும்

யெலேனா ஷுமிலோவா மாஸ்கோவில் கட்டடக்கலை படித்தவர். இரண்டு மகன்களின் தாய். 2012-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அவர் கைக்குத் தரமான கேமரா ஒன்று வந்தது. மேற்கு ரஷ்யாவின் த்வேர் மாகாணத்தில், அந்திரியாபோல் என்ற சிறு நகரை ஒட்டிய குடும்பப் பண்ணையில் அவர் மகன்களையும், அவர்களோடு வளர்ந்த நாய், பூனை, முயல், வாத்துக்குஞ்சுகளையும் படமெடுக்கத் தொடங்கினார். 2014-இன் தொடக்கத்தில் அந்தப் படங்கள் இணையத்தில் பரவின. பெயர் தெரியாத ஒரு தாயாக இருந்தவர் உலகம் அறிந்த புகைப்படக் கலைஞரானார்.

அந்தப் படங்களில் பெரிதாக எதுவும் நடப்பதில்லை. ஒரு சிறுவன் பனியில் நாயின் கழுத்தைத் தொட்டபடி நிற்கிறான். இன்னொன்றில் தூக்கம் கலையாத குழந்தையின் பக்கத்தில் பூனை படுத்திருக்கிறது. பிறந்தநாள் கேக், புதுச் சட்டை, வரிசையாக நிற்கும் உறவினர்கள் என எதுவுமில்லை. விசேஷ நாள் படங்கள் எல்லா வீட்டு ஆல்பங்களிலும் நிறைந்து கிடக்கின்றன. அவற்றுக்கு நடுவே ஓடிப்போகும் நூற்றுக்கணக்கான சாதாரண நாள்களின் படங்கள்தாம் அரிது. பிள்ளைகள் உண்மையில் வளர்வது அந்த நாள்களில்தான். அவற்றை நாள்தோறும் அருகிலிருந்து பார்ப்பவர் பெரும்பாலும் தாய். குழந்தை எப்போது விழிக்கும், நாய் எந்த மூலையில் படுக்கும், இருவருக்கும் எந்த நேரத்தில் விளையாட்டுப் பிடிக்கும் என்பது அவருக்குத் தெரியும். எவ்வளவு விலை கொடுத்தாலும் வெளியிலிருந்து வரும் புகைப்படக்காரரால் அந்த அறிவைக் கொண்டுவர முடியாது.

ஷுமிலோவாவின் படங்களைப் பார்ப்பவர்கள் முதலில் வியப்பது வெளிச்சத்தை. அதில் பாதி அந்த நிலத்தின் கொடை. அந்திரியாபோல் பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏறத்தாழ 57 பாகை தள்ளி இருக்கிறது. டிசம்பர் மாத நண்பகலில்கூட அங்கே சூரியன் அடிவானத்திலிருந்து ஏறத்தாழ 10 பாகைக்கு மேல் ஏறுவதில்லை. சுமார் 7 மணி நேரமே நீளும் பகல் முழுவதும் வெயில் பக்கவாட்டிலிருந்து சாய்ந்து விழுகிறது. தரையை மூடிய பனி அந்த ஒளியைக் கீழிருந்து முகத்துக்குத் திருப்பி அனுப்ப, கண்ணுக்கடியில் நிழல் தேங்குவதில்லை. சென்னையில் அதே மாதத்து நண்பகலில் சூரியன் 53 பாகை உயரத்தில் நிற்கும். சாய்ந்த மெல்லொளி இங்கே காலையில் ஏறத்தாழ முக்கால் மணி நேரம், மாலையில் இன்னொரு முக்கால் மணி நேரம் மட்டுமே. ஆனால் திண்ணையின் ஓரமும், முற்றத்தைச் சுற்றிய தாழ்வாரமும், வடக்குப் பார்த்த ஜன்னலும் நடுப்பகலிலும் அதே தன்மையுள்ள ஒளியைத் தரும். பனி செய்யும் வேலையை வெள்ளையடித்த சுவர் செய்துவிடும்.

அடுத்தது லென்ஸ். அவர் அதிகம் பயன்படுத்தியது 135 மி.மீ. குவியத்தூரம் கொண்ட லென்ஸ். அதை வைத்து 5 மீட்டர் தள்ளி நின்றால் சட்டத்துக்குள் ஒன்றேகால் மீட்டர் அகலத்துக்குச் சற்று அதிகமாகவே இடம் கிடைக்கும். உட்கார்ந்திருக்கும் ஒரு குழந்தைக்கும் ஒரு நாய்க்கும் அது போதும். தாய் அவ்வளவு தூரத்தில் இருப்பதால் குழந்தை கேமராவை மறந்துவிடுகிறது. லென்ஸின் துளையை முழுதாகத் திறந்து f/2 அளவில் வைத்தால், அந்தத் தூரத்தில் தெளிவாகத் தெரியும் ஆழம் 16 செ.மீ. அளவுதான், ஒரு சாணுக்கும் குறைவு. அதற்கு முன்னும் பின்னும் உள்ளவை கரைந்து மங்கிவிடும். குழந்தையின் கண்ணும் நாயின் கண்ணும் அந்த ஒரு சாணுக்குள் வந்தாக வேண்டும். இப்படிப்பட்ட படங்களில் இருவரும் பக்கவாட்டில் ஒட்டியோ, எதிரெதிரே நெற்றி முட்டியோ இருப்பதற்குப் பாசம் ஒரு காரணம், இந்தக் கணக்கு இன்னொரு காரணம்.

எடுத்த படங்களை அவர் பிள்ளைகள் தூங்கியபின் கணினியில் செப்பனிட்டார். நிறங்கள் இளகி, ஓரங்கள் மங்கி, அவை கதைப் புத்தகத்து ஓவியங்களின் சாயலைப் பெற்றன. அன்றாட வாழ்வின் நேரடிச் சாட்சியாக அவற்றை எடுத்துக்கொள்ள முடியாது. சேறும் அழுகையும் அவற்றில் குறைவு. குழந்தைக்கும் விலங்குக்கும் நடுவே உள்ள நெருக்கத்தைக் காட்டியதில்தான் அவை வென்றன. வளர்ந்தவர்கள் முன் கூச்சப்படும் குழந்தை விலங்கின் முன் கூச்சப்படுவதில்லை. குழந்தையின் கைக்கு வேலை கிடைக்கிறது, கவனம் கேமராவிலிருந்து விலகுகிறது. ‘சிரி, இங்கே பார்’ என்று சொல்லத் தேவையில்லாமல் போகிறது.

தாய்மார்கள் கேமராவுக்குப் பின்னால் வந்து நிற்க நெடுங்காலம் ஆயிற்று. 1839-இல் டாகெர் தன் புகைப்பட முறையை அறிவித்தபோது ஒரு படத்துக்குப் பல நிமிடங்கள் ஒளி தேவைப்பட்டது. பின்னர் அது நொடிகளாகக் குறைந்தாலும் கைக்குழந்தை அத்தனை நொடி அசையாமல் இருக்காது. அதனால் 19-ஆம் நூற்றாண்டின் மேலைநாட்டு ஸ்டுடியோக்களில் தாயை நாற்காலியில் உட்காரவைத்து, தலையோடு துணி போர்த்தி மறைத்து, மடியில் குழந்தையை இருத்திப் படமெடுத்தார்கள். இன்று பழம்பொருள் சேகரிப்பாளர்கள் தேடி வாங்கும் அந்தப் படங்களில் தாய் இருக்கிறார், ஆனால் திரைச்சீலையாக இருக்கிறார். பார்க்கவே மனம் கனக்கும் படங்கள் அவை.

அந்த நிலையை உடைத்தவர்களில் முதன்மையானவர் ஜூலியா மார்கரெட் கேமரன். 1815-இல் கல்கத்தாவில் பிறந்து, இங்கிலாந்தின் வைட் தீவில் குடியேறிய அவருக்கு 1863 இறுதியில் மகளும் மருமகனும் ஒரு கேமராவைப் பரிசளித்தார்கள். அப்போது அவருக்கு வயது 48. கோழிகளை வெளியேற்றிவிட்டுக் கோழிக்கூடத்தைக் கண்ணாடி வேய்ந்த ஸ்டுடியோவாக்கினார். நிலக்கரி அறை இருட்டறையாயிற்று. வீட்டுக் குழந்தைகளும் பணிப்பெண்களும் அண்டை அயலாரும் அவர் முன் உட்கார்ந்தார்கள். ஈரக் கண்ணாடித் தகட்டில் படம் விழ நிமிடக்கணக்கில் ஆகும் என்பதால் குழந்தைகளின் உருவம் சற்றே அசைந்து மென்மையாகப் பதிந்தது. குறை என்று அன்று பலர் சொன்ன அந்த மங்கலே இன்று அவருடைய அடையாளம். 1875-இல் கணவரோடு இலங்கைக்குச் சென்றவர், அங்கே களுத்துறையில் தோட்டத் தொழிலாளர்களையும் ஊர்மக்களையும் படமெடுத்தார். அவர்களில் தமிழர்களும் உண்டு. 1879 ஜனவரியில் மலையகத்தில் இறந்தார். கணவரும் அவரும் அடக்கம் செய்யப்பட்ட இடம் பொகவந்தலாவை தேவாலயத்து வளாகம்.

அமெரிக்காவில் கெர்ட்ரூட் கேசெபியர் மூன்று பிள்ளைகளைப் பெற்றெடுத்தபின், 37 வயதில், 1889-இல் புரூக்ளினின் பிராட் கலைப்பள்ளியில் சேர்ந்தார். தாய்மையும் குழந்தைப் பருவமும் கலைக்குத் தகுந்த பொருள் என்பதைத் தொழில்முறைக் கலைஞர்களின் நடுவே நிலைநாட்டினார். இமோஜென் கன்னிங்காம் இன்னொரு வகை. 1920-களில் மூன்று மகன்களைக் கவனிக்க வேண்டியிருந்ததால் வீட்டைவிட்டு நகர முடியாத அவர், பிள்ளைகளையும் தோட்டத்துச் செடிகளையும் படமெடுத்தார். 1925-இல் எடுத்த மக்னோலியா மலர்ப் படம் அப்படிப் பிறந்ததே. வீட்டைவிட்டு நகர முடியாத கட்டாயத்திலிருந்து ஒரு கலை கிளைத்தது.

சாதாரண வீடுகளுக்குள் கேமரா நுழைந்தது விலை இறங்கியதால். 1888-இல் ஜார்ஜ் ஈஸ்ட்மன் வெளியிட்ட முதல் கோடக் கேமரா 25 டாலர். அதில் 100 படங்களுக்கான சுருள் இருந்தது. 1900-இல் வந்த பிரௌனி கேமராவின் விலை 1 டாலர். குழந்தையும் எடுக்கலாம் என்று விளம்பரம் செய்தார்கள். அசையும் குழந்தையையும் வாலாட்டும் நாயையும் பகல் வெளிச்சத்தில் பிடிக்கும் வேகம் அதற்குள் படச்சுருளுக்கு வந்திருந்தது.

சாலி மன் வேண்டுமென்றே பழைய வழிக்குத் திரும்பினார். அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில், முக்காலியில் நிறுத்திய 8×10 அங்குலப் பெரிய கேமராவால் தன் மூன்று பிள்ளைகளை ஏறக்குறைய பத்தாண்டுகள் படமெடுத்தார். ‘இமீடியட் ஃபேமிலி’ என்ற அந்தத் தொகுப்பு 1992-இல் நூலாயிற்று. மூக்கில் ரத்தம் வழிவது, பூச்சிக்கடியில் வீங்கிய முகம், ஆற்றங்கரையில் ஆடையில்லாத பிள்ளைகள் என எல்லாம் அதில் உண்டு. கலையின் உச்சம் என்றோர் பலர். குழந்தைகளின் சம்மதம் எங்கே என்று கேட்டோரும் பலர். அந்தக் கேள்வி இன்னும் ஓயவில்லை. 2025 ஜனவரியில் டெக்சாஸின் ஃபோர்ட் வொர்த் நவீனக் கலை அருங்காட்சியகத்திலிருந்து அவருடைய சில படங்களைக் காவல்துறை எடுத்துச் சென்றது. விசாரித்த நடுவர் குழு, குற்றம் சாட்ட இடமில்லை என்று முடிவுசெய்தது.

இன்றைக்கு வீட்டில் இப்படிப் படமெடுக்கச் செல்பேசியே போதும். முதலில் லென்ஸைத் துடைக்க வேண்டும். சமையலறைக் கையின் எண்ணெய்ப் பிசுக்குத்தான் பெரும்பாலான படங்களைக் கெடுக்கிறது. கேமரா குழந்தையின் கண் மட்டத்துக்கு இறங்க வேண்டும். நின்றபடி எடுத்தால் உச்சந்தலையும் நாயின் முதுகும்தான் வரும். தரையில் உட்கார்ந்தோ படுத்தோ எடுத்தால் அவர்களுடைய உலகம் அவர்களுடைய உயரத்தில் தெரியும். ஓடும் குழந்தைக்கு 1/500 நொடி, பாயும் நாய்க்கு 1/1000 நொடி ஷட்டர் வேகம் வேண்டும். அதற்கு வெளிச்சம் நிறையத் தேவை என்பதால் ஓட்டத்தை வெளியிலும் அமைதியை வீட்டுக்குள்ளும் எடுப்பது நல்லது. ஃப்ளாஷ் கூடாது. நாய், பூனை, மாடு ஆகியவற்றின் விழித்திரைக்குப் பின்னால் ஒளியைத் திருப்பியடிக்கும் ஒரு படலம் இருப்பதால் கண்கள் பேய்க்கண்களாக மின்னும், விலங்கும் மிரளும்.

எல்லாவற்றையும்விடத் தேவையானது பொறுமை. கன்றுக்குட்டி முகத்தை நக்க வரும் கணத்தைச் சொல்லிவைத்து வரவழைக்க முடியாது. தினமும் அதே இடத்தில் அதே நேரத்தில் இருப்பவருக்கு அது ஒருநாள் கிடைக்கும்.

கேமராவுக்குள் பார்க்கும் கண் ஆபத்தைக் கவனிக்காது என்பதை மறக்கக் கூடாது. எவ்வளவு சாதுவான நாயானாலும் கைக்குழந்தையோடு தனியே விடக் கூடாது. படமெடுக்கும்போது கைக்கெட்டும் தூரத்தில் இன்னொரு பெரியவர் இருக்க வேண்டும். குழந்தை கட்டிப்பிடிப்பது நமக்கு அழகு. பல நாய்களுக்கோ அது இறுக்கம். காதைப் பின்னுக்கு மடிப்பது, மீண்டும் மீண்டும் உதட்டை நக்குவது, தூக்கம் வராமலே கொட்டாவி விடுவது, முகத்தைத் திருப்பிக்கொண்டு வெள்ளைவிழி தெரியப் பார்ப்பது ஆகியவை ‘போதும்’ என்று நாய் சொல்லும் அறிகுறிகள். இவை தென்பட்டால் படத்தை விட்டுவிட்டுக் குழந்தையை விலக்க வேண்டும். இணையத்தில் லட்சக்கணக்கானோர் ரசிக்கும் ‘குழந்தையும் நாயும்’ படங்கள் சிலவற்றில் இந்த அறிகுறிகள் அப்பட்டமாகத் தெரிகின்றன. வெறிநோய் இன்னும் உயிர் குடிக்கும் நாட்டில் வளர்ப்பு நாய்க்கும் பூனைக்கும் தடுப்பூசி போட்டிருப்பது கட்டாயம்.

அடுத்த எச்சரிக்கை பகிர்வதைப் பற்றியது. 1989-இல் ஐ.நா. ஏற்ற குழந்தைகள் உரிமை உடன்படிக்கையின் 16-ஆம் பிரிவு குழந்தைக்கும் தனியுரிமை உண்டு என்கிறது. குளிக்கும் படம், அழும் படம், பள்ளியின் பெயர் தெரியும் சீருடைப் படம் ஆகியவை வீட்டு ஆல்பத்தோடு நிற்பதே சரி. செல்பேசியில் இருப்பிடப் பதிவு இயங்கினால் படத்தின் கோப்புக்குள் எடுத்த இடத்தின் ஆயத்தொலைவும் சேர்ந்துவிடும், அதை அணைத்துவைக்கலாம். விவரம் தெரிந்த பிள்ளையிடம் கேட்டுவிட்டே வெளியிட வேண்டும். வேண்டாம் என்று அது சொன்னால் அங்கேயே விஷயம் முடிந்தது.

நூறாண்டுக்கு முந்தைய காகிதப் படங்கள் இன்றும் பெட்டிகளில் இருக்கின்றன. செல்பேசியில் உள்ளவை அது தொலைந்த அன்றே போய்விடலாம். ஒரே படத்தை இரண்டு வெவ்வேறு இடங்களில் சேமித்துவையுங்கள். ஆண்டுக்கு ஐம்பது படங்களையாவது தேர்ந்தெடுத்து அச்சிடுங்கள். பின்புறத்தில் மென்மையான பென்சிலால் குழந்தையின் பெயர், இடம், தேதியோடு அந்த நாயின் பெயரையும் எழுதிவையுங்கள்.