அரைகுறையாகத் தெரிந்த மொழியில் கைது செய்வது

அமெரிக்காவில் வீட்டில் ஸ்பானிய மொழி பேசுவோர் 4 கோடிக்கும் அதிகம். அவர்களில் பலருக்கு ஆங்கிலம் சரளமாக வராது. ஆகவே அங்கு பொலிஸாருக்கு ஸ்பானிய வகுப்பு நடத்துவது ஒன்றும் புதிய விடயமல்ல. இரு மொழியும் தெரிந்த உத்தியோகத்தருக்குப் பல நகரங்கள் மேலதிகக் கொடுப்பனவும் வழங்குகின்றன. ஆனால் கொஞ்சம் ஸ்பானியம் தெரிந்த பொலிஸ்காரர், ஒன்றுமே தெரியாதவரை விடச் சில வேளைகளில் ஆபத்தானவர். ஏன் என்பதை இரண்டு வழக்குகள் காட்டுகின்றன.

கைது செய்யப்பட்டவரை விசாரிக்கும் முன் அவரது உரிமைகளைச் சொல்ல வேண்டும் என்று 1966இல் 'மிராண்டா எதிர் அரிசோனா' வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மௌனமாக இருக்கலாம், சட்டத்தரணியை வைத்துக்கொள்ளலாம், வசதி இல்லையென்றால் அரசே இலவசமாக ஒருவரைத் தரும் என்பவை அதில் அடங்கும். ஒரேகன் மாநிலத்தில் ஒரு துப்பறியும் உத்தியோகத்தர் இதை ஸ்பானியத்தில் சொன்னார். 'இலவசம்' என்பதற்கு அவர் பயன்படுத்திய சொல் 'லிப்ரே'. அதன் பொருள் சுதந்திரமான, ஓய்வாக இருக்கும் என்பது. 'கிராத்திஸ்' என்று சொல்லியிருக்க வேண்டும். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல் இருப்பதால் வந்த வினை இது. அந்த எச்சரிக்கை போதாது என்று 2013இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

மற்றது கன்சாஸில் நடந்தது. வீதியில் ஒரு காரை நிறுத்திய பொலிஸ்காரர், கூகுள் மொழிபெயர்ப்பை வைத்து வாகனத்தைச் சோதனையிட அனுமதி கேட்டார். 'புஸ்கார்' என்ற சொல் வந்தது. அது காணாமற்போனதைத் தேடுவது. சோதனையிடுவதற்கு ஸ்பானியத்தில் 'ரெஹிஸ்த்ரார்' என்று வேறு சொல் உண்டு. காரில் போதைப்பொருள் அகப்பட்டது. ஆனாலும் சாரதி விளங்கிச் சம்மதித்ததாகக் கொள்ள முடியாது என்று 2018இல் நீதிபதி அந்தச் சான்றுகளை விலக்கிவிட்டார். தேடுவதும் சோதனையிடுவதும் வேறு வேறு என்பதைத் தமிழ் பேசும் நமக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. தெரியாத மொழியில் எழுதிய வாக்குமூலத்தில் கையெழுத்து வைத்தவர்களும் நம்மிடையே இருப்பதால், அந்தச் சாரதியின் நிலையும் நமக்குப் புரியும்.

சிறுவயதிலிருந்தே இரு மொழியும் பேசி வளர்ந்த உத்தியோகத்தர் இத்தகைய பிழைகளை விடுவது குறைவு. ஆனால் அவருக்கு வேறு சங்கடம். தன் வேலையோடு சகாக்களின் வேலைக்கும் மொழிபெயர்ப்பாளராக அவரைத்தான் கூப்பிடுவார்கள். வீட்டில் பேசிய மொழியில் சட்டச் சொற்கள் இருப்பதில்லை. அதைவிடப் பெரிய சிக்கல், சந்தேகநபரை விசாரிப்பவரும் அவரது வார்த்தையை மொழிபெயர்ப்பவரும் ஒரே ஆளாகிவிடுவது.

அவரே பின்னாளில் சக பொலிஸாருக்கு ஆசிரியராகும்போது, 'கையை உயர்த்து', 'வெளியே வா' போன்ற கட்டளைகளை மனப்பாடம் செய்விப்பது இலகு. உயிர் காக்கவும் அவை உதவும்தான். அதற்கு மேல் கற்பிக்க வேண்டியவை நிறைய. 'மொலெஸ்தார்' என்றால் தொந்தரவு செய்வது. காதில் விழும் ஆங்கிலச் சொல்லோ பாலியல் துஷ்பிரயோகத்தைக் குறிக்கும். ஸ்பானியப் பெயர்களில் வழக்கமாகத் தகப்பன் வழிக் குடும்பப்பெயர் முதலிலும் தாய் வழிப் பெயர் கடைசியிலும் வரும். கடைசிப் பெயரை மட்டும் கணினியில் தட்டினால் வேறு ஆளின் பதிவு வரலாம். படிவங்களில் தகப்பன் பெயரை எங்கே எழுதுவது என்று தடுமாறியவர்களுக்கு இது தெரிந்த கதை.

எல்லாவற்றையும் விட, எந்த இடத்தில் தன் ஸ்பானியத்தை நிறுத்திவிட்டுத் தகுதியான மொழிபெயர்ப்பாளரை அழைக்க வேண்டும் என்பதை முதல் வகுப்பிலேயே சொல்ல வேண்டும் என்பது என் கருத்து. ஆங்கிலம் தெரியாதவர்களுக்கான மொழி உதவி பற்றி 2000ஆம் ஆண்டு ஜனாதிபதி கிளின்டன் பிறப்பித்த உத்தரவை, ஆங்கிலத்தை உத்தியோகபூர்வ மொழியாக்கிய கையோடு 2025 மார்ச்சில் ட்ரம்ப் நீக்கிவிட்டார். மிராண்டா தீர்ப்பு அப்படியேதான் இருக்கிறது. அதை விளங்கும்படி சொல்ல வேண்டிய பொறுப்பு, இரவில் வீதியோரம் தனியாக நிற்கும் கான்ஸ்டபிளிடம்.