விண்வெளி வியூக விளையாட்டுகளில் கணினி எதிராளி: ஆடுபுலி ஆட்டத்தை முன்வைத்து ஒரு நோக்கு

ஆய்வுச் சுருக்கம்
கணினி எதிராளியின் வலிமை இருவகையில் அமைகிறது: ஒன்று கணிக்கும் திறன்; மற்றொன்று விளையாட்டை வடிவமைத்தோர் அதற்கு வழங்கும் சலுகை. இவ்விரண்டையும் வேறுபடுத்திக் காட்டி, சலுகை வெளிப்படையாக அறிவிக்கப்படும்போதே போட்டி நேர்மையுடையதாகிறது என்பதை ஆடுபுலி ஆட்டத்தின் துணைகொண்டு இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: கணினி எதிராளி, வியூக விளையாட்டு, ஆடுபுலி ஆட்டம், சலுகை, நேர்மை.

முன்னுரை
விருதுநகர், ஆமத்தூர், சிவகாசி எனத் தமிழகத்தின் எப்பகுதியினரும் ஆடுபுலி ஆட்டத்தை விளக்கமின்றியே அறிவர். கரியால் தரையில் கோடு கிழித்து ஆடப்படும் இவ்வாட்டத்தின் பரவலான வடிவில் 23 சந்திப்புகளும் 3 புலிகளும் 15 ஆடுகளும் உள்ளன. புலி தாண்டி வெட்டும். ஆடு வெட்டாது, சூழ்ந்து அடைக்கும். இரு தரப்பும் சமமானவை அல்ல. எனினும் எவரும் இதனை அநீதி எனக் கருதுவதில்லை. சமமின்மை முழுவதும் ஆட்டம் தொடங்கும் முன்பே இருவருக்கும் தெரிந்திருப்பதே இதற்குக் காரணம்.

கணிப்பின் எல்லை
ஆடுபுலி போன்ற ஆட்டங்களில் காய்கள் அனைத்தும் கண்முன் உள்ளன. அடுத்தடுத்த நகர்வுகளைக் கிளைகிளையாக ஆராய்ந்து சிறந்ததைத் தேர்வது கணினிக்கு இயலும். இதன் நேபாள உறவான பாக் சால் ஆட்டத்தில், இரு தரப்பும் பிழையின்றி ஆடினால் வெற்றி தோல்வியின்றி முடியும் என்பது கணினிவழி நிறுவப்பட்டுள்ளது.

விண்வெளி வியூக விளையாட்டின் இயல்பு வேறு. 1993இல் வெளிவந்த ‘மாஸ்டர் ஆஃப் ஓரியன்’ விளையாட்டில் விண்மீன்களைத் தேடுதல், குடியேற்றங்களை விரித்தல், வளம் ஈட்டுதல், பகைவரை அழித்தல் ஆகிய நான்கும் ஒருங்கே நிகழ்கின்றன. எதிரியின் படைநிலையோ பெரும்பாலும் மறைந்துள்ளது. எல்லாக் கிளைகளையும் ஆராய்வது இங்கு இயலாது. எனவே, ‘எதிரிப்படை சிறிதாயின் தாக்கு, பெரிதாயின் காத்திரு’ என்பன போன்ற முன்னெழுதிய விதிகளால் கணினி இயக்கப்படுகிறது. பழகிய ஆட்டக்காரர் இவ்விதிகளை விரைவில் உய்த்துணர்ந்து, வலுவற்றவர்போல் தோற்றமளித்துக் கணினியைப் பொறியில் சிக்கவைக்கிறார்.

சலுகையின் வடிவங்கள்
இக்குறையை ஈடுசெய்ய வடிவமைப்பாளர்கள் சலுகைகளை நாடுகின்றனர். கடின நிலைகளில் கணினி அரசுக்குக் கூடுதல் உற்பத்தி தருவது பொதுவான வழக்கம். 2010இல் வெளியான ‘ஸ்டார்கிராஃப்ட் 2’ விளையாட்டோ தன் உச்ச நிலைகளுக்கு ‘ஏமாற்றுக்காரர்’ என்றே பெயரிட்டது. அவற்றுள் முதல் நிலையில் கணினிக்கு வரைபடம் முழுதும் தெரியும். அடுத்த நிலையில் வளமும் விரைவாகச் சேரும். பெயரே அறிவிப்பாக அமைவதால், இங்கு ஆட்டக்காரர் புலியை எதிர்கொள்ளும் ஆட்டின் நிலையில், ஆனால் விதி அறிந்தே, களமிறங்குகிறார்.

சலுகை எப்போதும் வளமாகவே இருப்பதில்லை என்பதை டீப்மைண்ட் நிறுவனத்தின் ‘ஆல்ஃபாஸ்டார்’ உணர்த்துகிறது. 2018 டிசம்பரில் அது ‘ஸ்டார்கிராஃப்ட் 2’ விளையாட்டில் தொழில்முறை ஆட்டக்காரர் இருவரைத் தலா 5-0 என வென்றது. ஆயினும் தன் படைகளின் பார்வைக்குட்பட்ட பகுதி முழுவதையும் அது ஒரே நேரத்தில் கண்டது. மனிதரோ திரையை நகர்த்தி நகர்த்தியே காண இயலும். திரைக் கட்டுப்பாட்டுடன் ஆடிய வடிவம் 2019 ஜனவரியில் அவ்விருவருள் ஒருவரான மானாவிடம் தோற்றது. பின்னர் பார்வைக்கும் செயல்வேகத்திற்கும் வரம்பு விதிக்கப்பட்டு மேம்படுத்தப்பட்ட வடிவம், அவ்வாண்டிலேயே ‘கிராண்ட்மாஸ்டர்’ நிலையை எட்டியது. இவ்வெற்றியில் கணிக்கும் திறனின் பங்கைத் தெளிவாக மதிப்பிட முடிந்ததற்கு, வரம்புகள் வெளிப்படையாக அறிவிக்கப்பட்டிருந்தமையே காரணம்.

முடிவுரை
வியூக விளையாட்டு பொழுதுபோக்கு மட்டுமன்று. தோல்வியின் காரணத்தை ஆராயும் பயிற்சியுமாகும். எதிராளியின் சலுகை மறைக்கப்படின், வளக்குறைவால் தோற்றவர் தம் சிந்தனையே குறையுடையது எனப் பிழையாக முடிவுசெய்வார். சரியான உத்தியையும் கைவிடுவார். சமமின்மை ஆட்டத்தைக் கெடுப்பதில்லை. மறைக்கப்பட்ட சமமின்மையே கெடுக்கிறது. தமிழில் விளையாட்டு உருவாக்குவோர், ஒவ்வொரு கடின நிலையிலும் கணினிக்கு எவை கூடுதலாகத் தரப்படுகின்றன என்பதைத் தொடக்கத் திரையிலேயே குறிப்பிடுதல் வேண்டும். ஆடுபுலிக் கட்டம் நெடுங்காலமாகக் கடைப்பிடித்துவரும் நெறி இதுவே.