ஈர மிலாறும் பொலித்தீன் பையும்

மழைக்காலத்தில் லயத்து அடுப்பைப் பத்தவைப்பது பெரும்பாடு என்பது நம் எல்லோருக்கும் தெரிந்ததே. ஊதி ஊதிக் கண் எரிந்து, கடைசியில் மண்ணெண்ணெயைத் தேட வேண்டிவரும். அந்த மண்ணெண்ணெயோ 2022 ஆகஸ்ட்டில் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய்க்கு ஒரே இரவில் ஏறியது. அதே வருஷம் கேஸ் கிடைக்காமல் டவுன் வீடுகளிலும் விறகடுப்பு மூட்டினார்கள். ஆகவே கவ்வாத்து மிலாறைக் காயவைத்து, சின்னச் சின்னக் கட்டாகப் பசறை, லுணுகலை, பிபிலை கடைகளுக்குக் கொடுத்தால் கைச்செலவுக்கு உதவும். ஆனால் ஈரக்கட்டை வாங்கி ஏமாந்தவர் மறுபடி நம்மிடம் வாங்கமாட்டார்.

பச்சை விறகின் எடையில் ஏறக்குறைய பாதி தண்ணீர்தான். அந்தத் தண்ணீர் ஆவியாகிப் போகும்வரை விறகு சரியாக எரியாது, புகைதான் வரும்.

நம்மில் பலர் மழைக்குப் பயந்து, வெட்டிய சூட்டோடு மிலாறைப் பொலித்தீன் பையில் போட்டுக் கட்டிவிடுகிறோம். பொலித்தீன் வெளி ஈரத்தை உள்ளே விடாது, சரி. உள்ளே இருக்கும் ஈரத்தையும் அது வெளியே விடாதே! பகல் வெயிலில் ஆவியாகும் தண்ணீர் இரவுக் குளிரில் பையின் உட்புறம் துளித்துளியாக நின்று, திரும்பவும் விறகிலேயே இறங்கும். கொஞ்ச நாளில் வெள்ளையாகப் பூஞ்சணம் பிடித்துவிடும்.

நம்ம ஊவாப் பக்கம் ஆடி, ஆவணியில் வறண்ட காத்து அடிக்கும். காயப்போட அதுதான் காலம். பெருவிரல் மொத்தத்துக்கு மேலிருந்தால் பிளந்து, தரையில் படாமல் கல்லோ கம்போ வைத்து, கூரைக்குக் கீழே காத்துப் போகும்படி அடுக்குங்கள். காய்ந்ததா என்று பார்க்க, நாலு குச்சியைக் கண்ணாடிப் பையில் கட்டி ஒரு பின்நேரம் வெயிலில் வையுங்கள். பையின் உள்ளே வியர்த்தால் இன்னும் காயவேண்டும்.

உருளைக்கிழங்கு வரும் வலைப்பை நல்லது. நன்றாகக் காய்ந்ததை மட்டும், அதுவும் பனி இல்லாத மத்தியான வேளையில், பொலித்தீனில் கட்டலாம். கார்த்திகை, மார்கழி மழைக்கு அது தாங்கும்.

பைனஸ் சிராய் சட்டென்று பத்தும். ஆனால் அரசாங்கக் காட்டில் அனுமதியில்லாமல் கைவைக்கக் கூடாது. மிலாறுக்கும் தோட்டத்தில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

கட்டுக் கணக்கில் விற்பதே நமக்கு லாபம். எடைக்கு விற்றால், காயக் காய நம்ம காசும் குறையும்.