பச்சையாகப் போய்ச் சிவப்பாக வரும் ஒளி

புதுக்கோட்டை மாவட்டம் நெடுவாசலில் 2017 பிப்ரவரி 16 அன்று ஹைட்ரோகார்பன் எடுக்கும் திட்டத்தை எதிர்த்து மக்கள் போராட்டத்தில் உட்கார்ந்தார்கள். பதாகைகளில் எல்லாம் அந்தப் பெயர். விளைநிலத்துக்கும் நிலத்தடி நீருக்கும் என்ன ஆகுமோ என்ற கவலை ஊர் ஊராகப் பரவியது. 2020-இல் தமிழக அரசு காவிரிப் படுகையைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கிச் சட்டம் இயற்றியபோது, புதுக்கோட்டையின் சில ஒன்றியங்களும் அதில் சேர்ந்தன.

இவ்வளவு பேசப்பட்ட ஹைட்ரோகார்பன் ஒரே பொருள் அல்ல. ஒரு பெரிய குடும்பம். கார்பனும் ஹைட்ரஜனும் மட்டுமே சேர்ந்தவை எல்லாம் அதில் அடங்கும். ஒரு கார்பன் இருந்தால் மீத்தேன், இரண்டு என்றால் ஈத்தேன், மூன்று என்றால் புரோப்பேன். மூன்றுக்கும் நிறம் கிடையாது. கலந்து கிடக்கும்போது எது எவ்வளவு என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

மூலக்கூறுகள் அதிர்ந்துகொண்டே இருப்பவை. அந்த அதிர்வுதான் அடையாளம். மீத்தேனின் நான்கு ஹைட்ரஜன் அணுக்களும் ஒன்றாக விரிந்து சுருங்கும்போது, விநாடிக்குச் சுமார் 87 லட்சம் கோடி முறை அதிர்கின்றன. ஈத்தேனில் இரு கார்பன்களுக்கு இடையிலான பிணைப்பு இதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வேகத்தில்தான் அதிரும். புரோப்பேனில் அதைவிடவும் சற்று மெதுவாக.

இந்த அதிர்வை ஒளியால் படிக்கும் வழியைக் காட்டியவர் திருச்சியில் பிறந்த சி.வி. ராமன். 1928 பிப்ரவரி 28 அன்று, கொல்கத்தாவில் அவரும் கே.எஸ். கிருஷ்ணனும் அதைக் கண்டார்கள். திரவத்தில் பட்டுச் சிதறும் ஒளியில் மிகச் சிறு பங்கு, மூலக்கூறின் அதிர்வுக்குக் கொஞ்சம் ஆற்றலைக் கொடுத்துவிட்டு நிறம் மாறி வெளியேறுகிறது. 532 நானோமீட்டர் அலைநீளமுள்ள பச்சை லேசரை மீத்தேனில் செலுத்தினால், நிறம் மாறிய ஒளி 630 நானோமீட்டரில் சிவப்பாக வருகிறது. ஈத்தேனின் அந்தக் கார்பன் பிணைப்பு 562-இலும் புரோப்பேனின் பிணைப்பு 558-இலும் கோடு போடும். கோடு நிற்கும் இடம் பொருளின் பெயரைச் சொல்லும். கோட்டின் பிரகாசம் அளவைச் சொல்லும்.

இந்தச் சோதனையைப் பல நேரம் கடுங்குளிரில் செய்கிறார்கள். ஏன்? சூட்டில் மூலக்கூறுகள் உருண்டு புரண்டு முட்டிக்கொள்வதால் கோடுகள் அகன்று ஒன்றின்மேல் ஒன்று ஏறிவிடும். குளிர்ந்தால் அவை மெலிந்து பிரிந்து நிற்கும். அந்தக் குளிரில் ஹைட்ரோகார்பனைக் கரைத்துவைக்க ஆய்வாளர்கள் விரும்பும் கரைப்பான்களில் ஒன்று திரவ ஆர்கான். அது தனித்தனி அணுக்களாகவே இருப்பதால், குறுக்கே நிற்கச் சொந்தமாக எந்த அதிர்வுக் கோடும் அதற்கில்லை. ஆனால் வளிமண்டல அழுத்தத்தில் அது திரவமாக இருப்பது ஏறக்குறைய மைனஸ் 189-க்கும் மைனஸ் 186 டிகிரிக்கும் இடையே, வெறும் மூன்றரை டிகிரி இடைவெளியில்தான். கொஞ்சம் இறங்கினால் உறைந்துவிடும். கொஞ்சம் ஏறினால் கொதித்து, குமிழிகள் லேசரைச் சிதறடிக்கும்.

வணிகத்திலும் இதற்கு வேலை உண்டு. சென்னையை அடுத்த எண்ணூரில் 2019 முதல் இயங்கும் முனையத்துக்குக் கப்பலில் வரும் எல்.என்.ஜி. என்ற திரவ இயற்கை எரிவாயு, பெரும்பாலும் மைனஸ் 160 டிகிரி அளவில் திரவமாக இருக்கும் மீத்தேன். அதில் ஈத்தேன், புரோப்பேன், நைட்ரஜன் கரைந்திருக்கும். இந்தச் சரக்குக்கு விலை பேசுவது அது தரும் வெப்ப ஆற்றலை வைத்து. ஆகவே கலவை தெரிந்தாக வேண்டும். மாதிரி எடுத்து ஆவியாக்கிச் சோதிப்பது வழக்கமான முறை. ஆனால் நைட்ரஜனும் மீத்தேனும் முந்திக்கொண்டு ஆவியாகும். கவனம் தவறினால் கணக்கு பிசகும். லேசர் முனையைத் திரவத்துக்குள்ளேயே இறக்கி ராமன் கோடுகளைப் படித்தால் ஆவியாக்கும் வேலையே இல்லை. உலகின் சில இடங்களில் இப்படி அளக்கிறார்கள்.

கரைந்திருப்பது துளியளவே என்றால் வேறொரு உத்தி. வெயில் நேரத்தில் தார்ச்சாலையில் கானல் நீர் தெரிவது, சூடான காற்று ஒளியை வளைப்பதால். குளிர்ந்த திரவத்துக்குள்ளும் அதே இயற்பியல்தான். ஒரு லேசரின் ஒளியை ஹைட்ரோகார்பன் உறிஞ்சினால், கற்றையின் நடுப்பகுதி டிகிரியில் மிகச் சிறு பின்னம் சூடாகிறது. அங்கே திரவம் ஒரு குழிவில்லையாகவே மாறி, கூடச் செல்லும் இன்னொரு லேசரை விரிக்கிறது. ஊசித்துளை வழியே வரும் ஒளி எவ்வளவு குறைகிறது என்று பார்த்தால், எவ்வளவு உறிஞ்சப்பட்டது என்று தெரியும். 1960-களின் நடுவில் பெல் ஆய்வகத்தில், லேசருக்குள் பென்சீன் போன்ற திரவங்களை வைத்தபோது கற்றை விரிந்ததிலிருந்து பிறந்த முறை இது.

இத்தகைய அளவீடுகள் வானியலுக்கும் தேவைப்படுகின்றன. சனியின் நிலவான டைட்டனில் மைனஸ் 179 டிகிரி குளிரில் மீத்தேனும் ஈத்தேனும் ஏரிகளாகத் தேங்கிக் கிடக்கின்றன. 2008-இல் காசினி விண்கலத்தின் அகச்சிவப்புத் தரவுகள், ஒண்டாரியோ லாகஸ் என்ற ஏரியில் திரவ ஈத்தேன் இருப்பதைக் காட்டின. தொலைவிலிருந்து வந்த அந்த அகச்சிவப்புத் தடயத்தை ஈத்தேன் என்று அடையாளம் காண, அதே குளிரில் ஈத்தேன் எப்படித் தெரியும் என்ற விவரம் கையில் இருக்க வேண்டும். அதைத் தருவது பூமியின் ஆய்வகங்களில் குளிரூட்டிய சிறு கலங்கள்தான்.