கன்றைக் கடித்தது முயல்தானா? தண்டின் வெட்டைப் பாருங்கள்

மாலையில் தண்ணீர் ஊற்றியபோது நன்றாக இருந்த தட்டைப்பயறுச் செடி, காலையில் மொட்டைத் தண்டாக நிற்கிறதா? உடனே மருந்துக் கடைக்கு ஓட வேண்டாம். கடித்தது எது என்று தெரியாமல் செய்யும் செலவு வீண். கரடு, புதர்க்காடு, தரிசு நிலங்களை ஒட்டிய தோட்டங்களில் இது காட்டு முயலின் வேலையாக இருக்கலாம்.

அடையாளம் காண்பது எப்படி?

முதலில் தண்டின் வெட்டைப் பாருங்கள். முயல் கடித்த தண்டு, கத்தியால் சாய்வாகச் சீவியதுபோல் இருக்கும். ஆடு, மாடு கடித்தால் நுனி பிய்ந்து நார்நாராக நிற்கும். மயில் என்றால் கொத்தியிருக்கும். இளஞ்செடியை வேரோடு இழுத்தும் போட்டிருக்கும். தரைமட்டத்தில் அறுபட்ட செடி தின்னப்படாமல் அருகிலேயே வாடிக் கிடந்தால் வெட்டுப்புழுவாக இருக்கலாம். அந்த இடத்தில் மண்ணைக் கிளறினால் சுருண்ட புழு கிடைக்கும்.

அடுத்து புழுக்கை. முயல் புழுக்கை உருண்டையாக, சற்றுத் தட்டையாக இருக்கும். உடைத்தால் உள்ளே காய்ந்த புல் நார் தெரியும். ஆட்டுப் புழுக்கை நீள்வாக்கில், வழவழப்பாக இருக்கும்.

இன்னும் சந்தேகம் என்றால், வேலியில் சந்து உள்ள இடத்தில் மாலையில் சலித்த மணலைத் தூவி வையுங்கள். காலையில் இரண்டு சிறிய தடங்கள் ஒன்றன்பின் ஒன்றாகவும், அவற்றுக்கு முன்னால் இரண்டு பெரிய தடங்கள் பக்கம் பக்கமாகவும் பதிந்திருந்தால் வந்தது முயலே. அது துள்ளும்போது பின்னங்கால்கள் முன்னங்கால்களைத் தாண்டி விழும்.

வளையைத் தேடி அலைய வேண்டாம். நம் ஊர்க் காட்டு முயல் வளை தோண்டி வாழ்வதில்லை. பகலில் புல்லிலும் புதரடியிலும் சிறு பள்ளத்தில் பதுங்கி, பொழுது சாய்ந்ததும் மேய வரும். பிடரியில் கருப்புத் திட்டு இருக்கும்.

தடுப்பது எப்படி?

பயறு, நிலக்கடலை, கீரை எல்லாவற்றுக்கும் ஆபத்தான காலம் முளைத்த முதல் சில வாரங்கள். தண்டு முற்றிவிட்டால் சேதம் குறையும். எனவே வீட்டுத் தோட்டத்தில் இளஞ்செடிப் பாத்தியை மட்டும் அடைத்தாலே பெரும்பகுதி தப்பும். 20 அடி நீளம், 10 அடி அகலமுள்ள பாத்திக்கு 60 அடி கம்பிவலை போதும். ஓர் அங்குலக் கண்ணுள்ள கோழிவலையை 3 அடி உயரத்துக்குக் கட்டுங்கள். அடிப்பகுதியில் மேலும் அரை அடியை வெளிப்புறமாக மடித்து, மண்ணும் கல்லும் போட்டு அமுக்குங்கள். முயல் வேலியைத் தாண்டுவதைவிட அடியில் நுழையவே பார்க்கும். படலுக்குக் கீழே உள்ள இடைவெளியையும் பலகை வைத்து அடையுங்கள். பயிர் வளர்ந்ததும் வலையைக் கழற்றி அடுத்த பாத்திக்குப் பயன்படுத்தலாம்.

கோடையில் பசும்புல் காய்ந்தபின் எலுமிச்சை, முருங்கைக் கன்றுகளின் பட்டையையும் கடிக்கும். கன்றைச் சுற்றி 2 அடி உயரத்துக்கு வலைக்கூண்டு வையுங்கள். தண்டை ஒட்டிக் கட்டாதீர்கள். வேலியோரப் புதரையும் குவித்த தழையையும் அகற்றினால் பதுங்க இடம் இருக்காது.

வேப்பெண்ணெய்க் கரைசல், மினுங்கும் விளக்கு போன்றவை சில நாள் கைகொடுக்கும். மழையில் வாடை போய்விடும். விளக்கு முயலுக்குப் பழகிவிடும். இவற்றை மட்டுமே நம்ப வேண்டாம். பழைய மீன்வலையையும் கட்டாதீர்கள். எலியைப் பிடிக்கும் சாரைப்பாம்பு அதில் சிக்கிச் சாகும்.

செய்யக் கூடாதவை

கண்ணி, விஷம், மின்வேலி மூன்றும் வேண்டாம். காட்டு முயல் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகிறது. அதைப் பிடிப்பதும் கொல்வதும் குற்றம். கறிக்காகப் பிடித்தாலும் வழக்குதான். விஷம் வைத்த தீனியை வீட்டு நாயும் கோழியும் தின்னும். திருட்டு மின்கம்பியில் முதலில் கால் வைப்பது, விடியுமுன் தண்ணீர் பாய்ச்சப் போகும் உங்கள் வீட்டு ஆளாகவே இருக்கலாம்.

களை எடுக்கும்போது முயல்குட்டி கண்ணில் பட்டால் வீட்டுக்குக் கொண்டுவர வேண்டாம். தாய் பகலில் குட்டியோடு இருக்காது. இருட்டியபின் வந்து பால் கொடுக்கும். அந்த இடத்தை மட்டும் விட்டுவிட்டு மற்ற வேலையைப் பாருங்கள்.