பழைய கோடரியைத் தேற்றி எடுப்பது எப்படி

கோடரியின் மதிப்பு அதன் வாயில் இருக்கும் எஃகில்தான் இருக்கிறது. பழைய நாளில் ஊர்க் கொல்லர்கள் பெரும்பாலும் தலை முழுவதையும் எஃகால் செய்ததில்லை. மென்மையான இரும்பில் தலையை அடித்து, வெட்டும் வாயில் மட்டும் எஃகுத் துண்டை வைத்துக் காய்ச்சி இணைத்தார்கள். ஆகவே மறைமலைநகர், செங்கல்பட்டு வட்டாரத்துப் பழைய இரும்புக்கடையில் துருவேறிக் கிடக்கும் கோடரித் தலையை எடுப்பவர், அந்த எஃகு இன்னும் மிச்சம் இருக்கிறதா என்றுதான் முதலில் பார்க்க வேண்டும். வாயில் ஓர் அரத்தை இழுத்தாலே தெரிந்துவிடும். அரம் வழுக்கினாலோ, சிரமப்பட்டுக் கடித்தாலோ எஃகு இருக்கிறது. சுலபமாகத் தேய்ந்து துகள் கொட்டினால் எஃகு தீர்ந்துபோயிருக்கலாம், அல்லது பதம் போயிருக்கலாம். இரண்டுக்கும் கொல்லரிடம்தான் போக வேண்டும்.

அடுத்தது விரிசல். காம்பு நுழையும் கண்ணின் இரு பக்கமும்தான் விரிசல் விடும் இடம். அங்கே மண்ணெண்ணெய் தடவிச் சிறிது நேரம் ஊறவிட்டு, நன்றாகத் துடைத்துவிட்டுச் சுண்ணாம்புக் கட்டிப் பொடியைப் பூச வேண்டும். விரிசல் இருந்தால் உள்ளே போன எண்ணெய் கசிந்து, வெள்ளைப் பொடியில் மெல்லிய கருங்கோடாகத் தெரியும். அப்படித் தெரிந்த தலையைத் திரும்பக் குவியலிலேயே போட்டுவிடுவது நல்லது.

உள்ளே இறுகிப்போன பழைய காம்பை எரித்து எடுப்பதுதான் பலரும் செய்யும் பெரிய தவறு. காம்போடு சேர்ந்து எஃகின் பதமும் போய்விடும். கண்ணுக்கு வெளியே இருப்பதை அறுத்துவிட்டு, உள்ளே இருப்பதில் துளைபோட்டுத் தட்டி எடுப்பதே சரி. துருவுக்குப் புளிக்கரைசலோ வினிகரோ போதும். ஓர் இரவு ஊறவைத்துக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, சமையல் சோடா கலந்த தண்ணீரில் கழுவி, உடனே துடைத்து எண்ணெய் பூச வேண்டும். புளிப்பு ஒட்டியிருந்தால் மறுநாளே துரு திரும்ப வந்துவிடும்.

வாயைத் தீட்டும்போதும் சூடுதான் எதிரி. கிரைண்டரில் பிடித்தால் சில நொடிகளில் விளிம்பு நீலமாகும். 300 டிகிரி செல்சியஸை ஒட்டிய சூட்டுக்கு அது அடையாளம். அந்த இடம் மென்மையாகிவிட்டது என்று பொருள். தொடங்குபவர்களுக்கு அரமும் தண்ணீர் விட்ட சாணைக்கல்லுமே ஏற்றவை. நேரம் அதிகம் பிடிக்கும், ஆனால் எஃகு கெடாது. கையுறை கட்டாயம். இரு பக்கமும் சமமாகத் தேய்த்து, வாயை லேசான புடைப்போடு முடிக்க வேண்டும். கத்தியைப் போல மெல்லிசாக்கினால் முதல் முடிச்சிலேயே பல் விழும்.

பதம் போன எஃகுக்குக் கொல்லர் மறுபடி பதம் ஏற்றுவார். உலையில் வாயைச் செக்கச் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரிலோ எண்ணெயிலோ தோய்ப்பார். காந்தம் ஒட்டாத நிலையைத் தாண்டிய சூடு அது, ஏறத்தாழ 770 டிகிரிக்கு மேல். தோய்த்த எஃகு கண்ணாடிபோல் உடையும் என்பதால், தலையில் தங்கியிருக்கும் சூட்டை வாய்ப்பக்கம் மெல்ல ஏறவிடுவார். தேய்த்துப் பளிச்சிட்ட விளிம்பில் வைக்கோல் மஞ்சள், பழுப்பு, ஊதா, நீலம் என்று நிறம் நகர்ந்து வரும். கோடரிக்கு ஊதாவை ஒட்டி நிறுத்துவது வழக்கம். இந்த வேலையை நேரில் பார்க்க நினைப்பவர்கள் மாமல்லபுரத்துச் சிற்பப் பட்டறைகளுக்குப் போகலாம். மழுங்கிய உளியைக் காய்ச்சி, அடித்து, தோய்த்து எடுப்பது அங்கே கல் வேலையின் ஒரு பகுதி. 1957இல் அந்த ஊரில் சிற்பப் பயிற்சிக்கென்றே அரசு நிறுவனம் தொடங்கப்பட்டது. அதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே பாறையைக் குடைந்தவர்களுக்கும் உளியின் பதம் தெரிந்திருக்க வேண்டும்; இல்லாவிட்டால் அந்தக் கருங்கல்லில் வேலை நடந்திருக்காது.

காம்புக்குக் கருவேலம் நல்ல மரம். நிழலில் நன்றாகக் காய்ந்ததாக, முடிச்சில்லாததாக இருக்க வேண்டும். நுனியைப் பார்த்தால் ரேகைகள் கோடரி வாயின் திசையிலேயே ஓட வேண்டும். குறுக்கே ஓடினால் காம்பு முறியும். தலையை மாட்டியபின் கோடரியைத் தலைகீழாகத் தொங்கப் பிடித்து, காம்பின் அடிப்பக்கத்தில் மரச்சுத்தியால் தட்டினால் தலை தானே மேலேறி இறுகும். பிறகு காய்ந்த ஆப்பை அறைந்து இறக்க வேண்டும். ஆடும் தலையைத் தண்ணீரில் ஊறப்போடும் பழக்கம் பரவலாக இருக்கிறது. ஊறிய மரம் அன்றைக்கு இறுகும். காய்ந்ததும் முன்னைவிட அதிகமாக ஆடும். காம்புக்கு பெயிண்ட் கடையில் கிடைக்கும் ஆளிவிதை எண்ணெயைத் தேய்த்தால் நன்றாக உலர்ந்து பிடிக்கும்.

பழகுவதற்குச் சவுக்கு விறகு கடலோரத்தில் எங்கும் கிடைக்கும். ரயில் எஞ்சின்களின் விறகுக்காக 19ஆம் நூற்றாண்டில் சென்னைக் கரையோரத்தில் வளர்க்கப்பட்ட மரம் அது. முடிச்சில்லாத குட்டையான துண்டை அகலமான அடிக்கட்டையின் மேல் நிறுத்தி, முகப்பில் தெரியும் வெடிப்பின் மேலேயே வெட்ட வேண்டும். கால்களை அகட்டி நின்று, கோடரி இறங்கும்போது முழங்காலையும் மடக்கினால், குறி தவறினாலும் வாய் கட்டையிலோ மண்ணிலோ இறங்குமே தவிரக் காலுக்கு வராது. தலை கழன்றால் வீச்சின் நேர்க்கோட்டில்தான் பறக்கும் என்பதால் முன்னும் பின்னும் ஆள் நிற்கக் கூடாது. மேலே கொடிக்கயிறும் கிளையும் இல்லையா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். கோடரியின் பின்புறத்தைச் சம்மட்டியால் அடித்து இறக்குவது கண்ணையே பிளக்கும்.

உப்புக்காற்று வீசும் ஊர்களில் ஒவ்வொரு முறை பயன்படுத்திய பிறகும் வாயில் எண்ணெய் தடவி, உறை போட்டு வைக்க வேண்டும். விறகில் கை நன்றாகப் படியும்வரை தொடங்குபவர்கள் நிற்கும் மரத்தில் கோடரி வைக்க வேண்டாம். மரம் சாய்ப்பதை, அதில் கைதேர்ந்த ஒருவரின் பக்கத்தில் நின்றுதான் கற்க வேண்டும்.